துணிகளுக்கென்று ஓர் அறை

எங்கள் வீட்டில் பேச இடம் கிடையாது. அதனால் நானும் தாலந்தும் காரில் உட்கார்ந்து பேசுவோம்.

கார் எங்கும் போகாது. வாசலிலேயே நிற்கும். எஞ்சினும் ஓடாது, பெட்ரோலை யார் வீணாக்குவது? எங்கள் மலையூரான நரீனின் குளிரில் எங்கள் மூச்சே கண்ணாடியில் உறைந்து திரை போட்டுவிடும். எதிர்வீட்டு உல்போல்சின் அக்கா தண்ணீர் வாளியோடு போகும்போது கண்ணாடியைத் தட்டுவாள். "என்ன புள்ளைங்களா, இன்னிக்கும் கார்லதான் குடித்தனமா? குழந்தை பொறந்தா டிக்கியில தொட்டில் கட்டுவீங்களா?"

"உங்க வீட்ல இடம் குடுங்கக்கா, வந்துடறோம்" என்பேன் நான்.

அன்று அவள் தட்டவில்லை. தாலந்த் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஏதோ மலைப்பாதையில் ஓட்டுகிறவன் போல நேரே பார்த்தபடி சொன்னான்.

"பனி உருகினதும் நான் ரஷ்யா போறேன், மேரிம். கிடங்குல வேலை. ரெண்டு வருஷம். திரும்பி வந்து கொல்லைப் பக்கம் ஒரு ரூம் கட்டறேன். கதவு வெச்ச ரூம். நமக்கு மட்டும்."

"கதவு வெச்ச ரூம் நம்ம வீட்லயே இருக்கே."

"அதுல அம்மா சாமான் இருக்கு."

"சாமான் இல்ல, துணி. துணிக்கு ரூம் இருக்கு, நமக்கு இல்ல. அதுக்காக நீ போய் யாரோ ஒருத்தன் கிடங்குல ரெண்டு வருஷம் மூட்டை தூக்கிட்டு வரப்போற. ஏன்னா, இந்த வீட்ல இருக்கற மூட்டையை நகர்த்த உனக்கு தைரியம் இல்ல."

அவன் காது சிவந்தது. குளிரால் என்று சொல்லிக்கொள்ளலாம். "அவ்வளவு தைரியம் இருந்தா நீயே போய் அம்மாகிட்ட கேளேன்."

"கேக்கறேன்."

"ஏய், நான் விளையாட்டுக்குச் சொன்னேன்."

"நான் விளையாட்டுக்குச் சொல்லல."

காரில் அவனை நீ என்பேன். வீட்டுக்குள் போனதும் நீங்க என்று ஆகிவிடும். இளைய மகன்தான் பெற்றவளோடு இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அதை நான் தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன். நான் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் ஒருநாள் மின்சாரம் போய், கம்பத்தில் ஏறினவன் அவன். மேலேயிருந்தே, "டீச்சர், கீழ விழுந்தா பிடிப்பீங்களா?" என்று கேட்டான். "விழுந்து பாருங்க" என்றேன். அப்படி வந்த கல்யாணம். மாமியாரோடு வாழத் தயாராக வந்தேன். மாமியாரின் மூட்டைகளோடு வாழ வேண்டியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

வீடு சின்னது. வாசலில் நுழைந்தால் அடுப்படி. அதைத் தாண்டி நடு அறை. நடு அறைக்கு இடப்பக்கம் அத்தையின் சிறிய அறை, வலப்பக்கம் பெரிய அறை. நாங்கள் படுப்பது நடு அறையில். அத்தை தேநீர் போடப் போனாலும் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும், கொல்லைக்குப் போனாலும் எங்களைத் தாண்டித்தான். விருந்தாளி வந்தால் எங்கள் படுக்கையைச் சுருட்டிவிட்டு அவர்களை அங்கேதான் உட்கார வைப்போம். ஏனென்றால் விருந்தாளிக்கென்று கட்டிய பெரிய அறையில் கால் வைக்க இடமில்லை.

அங்கே இருந்ததெல்லாம் துணி. தகரம் பதித்த பெட்டியின்மேல் உத்தரம் தொடும்வரை அடுக்கிய பஞ்சு மெத்தைகள். அது எல்லார் வீட்டிலும் இருப்பது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மற்ற மூன்று சுவர்களையும் மறைத்து, ஜன்னலையும் அடைத்து, கட்டம் போட்ட பிளாஸ்டிக் மூட்டைகள் ஏறி நின்றன. அத்தனையும் தோளில் போடும் உடுப்பு. கியித் என்போம். கல்யாணம், காதுகுத்து, தொட்டில் விழா எதுவானாலும் சம்பந்தி வீட்டாரின் தோளில் ஒரு கோட்டோ சட்டையோ போட்டு, தலையில் ஒரு முக்காட்டுத் துணி கட்டி அனுப்ப வேண்டும். வாங்கினவர்கள் அதை உடுத்த மாட்டார்கள். மூட்டையில் வைத்து, அடுத்த வீட்டு விசேஷத்தில் அடுத்தவர் தோளில் போடுவார்கள். நரீன் சந்தையில் கோட்டைத் தொட்டாலே கடைக்காரி முதலில் கேட்பது, "போட்டுக்கவா, குடுக்கவா?" என்றுதான். குடுக்க என்றால் அதற்குத் தனி மேடை. அங்கே பொத்தான் போடாத கோட்டுகளும் கை நுழையாத சட்டைகளும் பளபளவென்று தொங்கும்.

நான் மணமகளாக வந்தபோது என் அம்மா அனுப்பிய சீரும் அந்த அறைக்குள்தான் போனது. அதற்குப் பிறகு அதை நான் பார்க்கவில்லை.

அன்று மாலையே கேட்டேன். அத்தை மாவு பிசைந்துகொண்டிருந்தாள். சபீரா என்று பெயர். மருமகள் அந்தப் பெயரை வாயால் சொல்லக்கூடாது, அதனால் இங்கேயாவது எழுதிவைக்கிறேன்.

"அத்தை, பெரிய ரூமை எங்களுக்குக் குடுங்க."

மாவில் இருந்த கை நிற்கவில்லை. "அங்க சாமான் இருக்கே."

"பாதியைக் குறைச்சா போதும். யாரும் உடுத்தாத துணி. பூச்சி அரிக்குது."

"யாரும் உடுத்தாததுதான், தெரியும். உடுத்தறதுக்கா வெச்சிருக்கேன்?" அவள் மாவைத் திருப்பிப் போட்டு அறைந்தாள். "ஜூராவுக்குக் கல்யாணம் பண்ணின வருஷம் என்ன காலம்னு உனக்குத் தெரியுமா? சம்பளம்னு மாவு மூட்டை குடுத்தாங்க. அதுவும் வண்டு விழுந்த மாவு. சம்பந்தி வந்து உக்காந்திருக்கா, அவ தோள்ல போட வீட்ல ஒரு துண்டு துணி இல்ல. உல்போல்சின் மாமியார்கிட்ட ஒரு கோட்டை இரவல் வாங்கிப் போட்டேன். அது இரவல்னு கலிபாவுக்கு மறுநாளே தெரிஞ்சுபோச்சு. எத்தனை வருஷம் சொல்லிக் காட்டினா தெரியுமா? எம்பொண்ணு அந்த வீட்ல எத்தனை வருஷம் தலை குனிஞ்சா தெரியுமா?"

ஜூரா என் நாத்தனார், இந்த வீட்டின் மூத்த பெண். கலிபா அவளுடைய மாமியார்.

"அதுக்கப்புறம் வேணும்கிற அளவு சேர்த்துட்டீங்களே அத்தை."

"வேணும்கிற அளவுன்னு ஒண்ணு இருக்கா? நீ கேக்கறது ரூம் இல்ல, கெலின். என் மானம்."

கெலின் என்றால் மருமகள். பெயருக்குப் பதில் அப்படிக் கூப்பிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

என் பேச்சு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. பனி கெட்டியாக, சுத்தமாக இருந்தது. அத்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிய அறையின் கதவைத் தள்ளித் திறந்தேன். ஒளிந்து செய்யும் காரியமாக இருந்தால் நான் செய்திருக்கவே மாட்டேன்.

"என்ன பண்ற?"

"என் சீரை எடுக்கறேன். எங்கம்மா குடுத்தது. அது என்னோடது."

"அது எல்லாத்துக்கும் அடியில இருக்கு."

"அப்போ மேல இருக்கறதெல்லாம் வெளிய வரட்டும்."

"தொடாதே. சொல்றேன், தொடாதே!"

தொட்டேன். ஒவ்வொரு மூட்டையாக முற்றத்துக்கு இழுத்தேன். விரிப்புகளைப் பனிமேல் போட்டுத் தடியால் அடித்தேன். மெத்தைகளை வேலிமேல் போட்டேன். தூசி எழும்பி வெயிலில் மின்னியது. தெருவே வந்து நின்றது. உல்போல்சின் அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "யம்மாடி, இது வீடா, சந்தையா? அந்தப் பச்சைப் பட்டு என்ன விலை?" என்றாள். அத்தை அடுப்படி ஜன்னலில் இருந்து அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை.

ஞாயிறு முறை வேலை முடிந்து வந்த தாலந்த் வாசலில் நின்று ஒருமுறை முற்றத்தைப் பார்த்தான், ஒருமுறை ஜன்னலைப் பார்த்தான். பையைக் கீழே வைத்தான். இன்னொரு தடியைத் தேடி எடுத்து என் பக்கத்தில் நின்று விரிப்பை அடிக்க ஆரம்பித்தான். அந்த நிமிஷம் அவனை நான் கம்பத்தில் பார்த்த நாளைவிட அதிகமாகக் காதலித்தேன்.

என் சீர் மூட்டைகளைத் தனியே வைத்தேன். அத்தையுடையதை நான் யாருக்கும் தூக்கிக் கொடுக்கவில்லை. ஒழுங்குபடுத்தினேன், அவ்வளவுதான். ஒவ்வொரு மூட்டையின் வாயிலும் ஒரு வண்ணத் துணித்துண்டு கட்டியிருந்தது. ஒன்றில் பச்சை, ஒன்றில் சிவப்பு, ஒன்றில் பூப்போட்டது. அலங்காரம் என்று நினைத்து அவிழ்த்து எறிந்தேன். உள்ளே கோட்டும் முக்காடும் சட்டைத்துணியும் ஒன்றாகத் திணித்துக் கிடந்தன. நான் வகை பிரித்தேன். கோட்டுகள் ஒரு பக்கம், முக்காடுகள் ஒரு பக்கம், சட்டைத்துணிகள் அளவுவாரியாக. மடித்து அடுக்கியதும் மூட்டைகள் பாதியாகக் குறைந்தன. ஜன்னல் தெரிந்தது. அறைக்குள் வெயில் விழுந்தது. ஒரு கட்டில் தாராளமாகப் போடலாம்.

"வந்து பாருங்க அத்தை" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அத்தை வந்தாள். பார்த்தாள். போனாள். மறுநாள் நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது பெரிய அறையின் கதவில் ஒரு பூட்டு தொங்கியது. ஆட்டுக் கொட்டிலில் இருந்த பழைய பூட்டு.

அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை. தேநீர்க் கேத்திலோடு பேசினாள். "ஏய் கேத்திலு, பாலு தீர்ந்துபோச்சுன்னு அந்த டீச்சரம்மாகிட்ட சொல்லு." நானும் கேத்திலிடமே பதில் சொன்னேன். "பூட்டுக்கு எண்ணெய் போடணுமான்னு கேளு." தாலந்த் இருவருக்கும் நடுவில் ரொட்டியை மென்றுகொண்டிருப்பான். காரில், "ரஷ்யாவுல இருக்கற நண்பன்கிட்ட போற தேதியைச் சொல்லிட்டேன்" என்றான். அவன் குரலில் சந்தோஷம் இல்லை. நானும் அழவில்லை. அழுதால் கண்ணாடிதான் இன்னும் உறையும்.

இப்படி இருக்கும்போதுதான் கலிபாவின் வீட்டிலிருந்து தகவல் வந்தது. அவளுடைய கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம். நேரில் அழைக்க வருகிறார்கள். வருகிறவர்களை வெறும் தோளோடு அனுப்ப முடியாது.

அத்தை பூட்டைத் திறந்து உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. உள்ளே மூட்டைகளை உருட்டும் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே வரும்போது கையில் ஒரு கறுப்பு வெல்வெட் கோட்டு இருந்தது. கழுத்திலும் கையிலும் தங்க நூல் வேலை. இருந்ததிலேயே நல்லது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஏதோ கேட்க வாய் திறந்தாள். பிறகு கேத்திலைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

கலிபா அம்மா வந்தாள். கூட அவள் நாத்தனார் ஒருத்தியும், ஜூரா அண்ணியும். எங்கள் படுக்கையைச் சுருட்டிவிட்டு நடு அறையில் விரித்தோம். எண்ணெயில் பொரித்த மாவுருண்டை, வெண்ணெய், ஜாம், பிறகு ஆட்டுக்கறியும் நூடுல்ஸும். கலிபா நன்றாகச் சாப்பிட்டாள். நன்றாகவே பேசவும் செய்தாள்.

"சம்பந்தி, உங்க மருமக விரிப்பெல்லாம் தெருவுல போட்டு அடிச்சாளாமே? எங்க ஊர் வரைக்கும் தூசி வந்துச்சு."

"படிச்ச பொண்ணு. சுத்தம் பாப்பா" என்றாள் அத்தை. என்னைப்பற்றி அவள் சொன்ன நல்ல வார்த்தை, எத்தனையோ நாளுக்குப் பிறகு. அதுவும் எதிரிக்கு முன்னால்.

கறி முடிந்து, கை கழுவி, கையேந்தித் துவா செய்தோம். அத்தை எழுந்து கோட்டைக் கொண்டுவந்து கலிபாவின் தோளில் போட்டாள். "உங்க பொண்ணு நல்லா வாழட்டும்."

கலிபா முகம் மலர்ந்து கோட்டைத் தடவினாள். ஓரத்தைத் தூக்கி உள்துணியைப் பார்த்தாள். எங்கள் ஊரில் எல்லாருமே அப்படிப் பார்ப்பார்கள், ஜாடையாக. அவள் ஜாடையாகப் பார்க்கவில்லை. பார்த்தபடியே இருந்தாள்.

"சம்பந்தி" என்றாள் மெதுவாக. "இது என் கோட்டு."

"ஆமா, இனிமே உங்களோடதுதான்."

"இனிமே இல்ல. முன்னாடியே. தொட்டில் விழாவுக்கு நான் உங்களுக்குப் போட்டது. நான் போட்டதையே எனக்குத் திருப்பிப் போடறீங்க!"

எங்களிடத்தில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. கொடுத்ததையே திருப்பிக் கொடுப்பது என்றால், உன் உறவே வேண்டாம் என்று முகத்தில் எறிவதற்குச் சமம். அத்தையின் கண் என் பக்கம் திரும்பியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பச்சைத் துண்டு கட்டினது ஜூரா வீட்டிலிருந்து வந்தது. சிவப்பு கட்டினது வேறு யாரோ. எந்த வீட்டுத் துணி எந்த வீட்டுக்குப் போகக்கூடாது என்று அவள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். நான் அழகாக வகை பிரித்து அத்தனையையும் குலைத்துவிட்டேன்.

எழுந்து நின்றேன். "தப்பு என்னோடது. நான்தான் மூட்டையெல்லாம் மாத்தி அடுக்கினேன். அத்தைக்குத் தெரியாது."

"படிச்ச பொண்ணு!" என்றாள் கலிபா. "தெரியாம நடந்ததுன்னு நான் நம்பணுமா? இதோ பாரு, இந்த ஒட்டுத் துணி. என் கையால தைச்சது. எங்க வீட்ல எலி கடிச்ச இடத்துல நானே உக்காந்து ஒட்டுப் போட்டேன். எனக்குத் தெரியாதா என் கோட்டு?"

அத்தை நிமிர்ந்தாள்.

"எலி கடிச்சதா?"

கலிபா கோட்டின் ஓரத்தைச் சட்டென்று கீழே விட்டாள்.

"எலி கடிச்ச கோட்டையா சம்பந்தி எனக்குப் போட்டீங்க? என் பேரன் தொட்டில் விழாவுல? அத்தனை பேருக்கு முன்னாடி?"

கலிபாவின் நாத்தனார் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தாள். "அண்ணி, அது உங்க தங்கச்சி வீட்லேருந்து வந்த கோட்டு இல்ல? அப்பவே எலி..."

"நீ சும்மா இரு!" கலிபா கோட்டைத் தோளிலிருந்து தள்ளினாள். "இப்ப என்ன சொல்றீங்க? இதை வெச்சுக்கிட்டு நான் எந்திரிக்க மாட்டேன். வேற கோட்டு கொண்டு வாங்க. வெறும் தோளோட நான் இந்த வாசல் தாண்டினா, நாளைக்கு உங்க பொண்ணு எங்க வீட்ல எப்படி நடமாடறான்னு பாக்கறேன்."

ஜூரா அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை அதைப் பார்த்தாள். உடனே இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் நீட்டினாள். பல நாளுக்குப் பிறகு கேத்தில் இல்லாமல் நேராக என்னிடம் பேசினாள்.

"மேரிம், போய் இன்னொரு கோட்டு எடுத்துட்டு வா."

சாவி என் கையில் இருந்தது. சும்மா போய் எடுத்துவந்திருக்கலாம். அறை திரும்பவும் பூட்டப்பட்டிருக்கும். தாலந்த் பஸ் ஏறியிருப்பான்.

"இருக்கு அத்தை. நிறைய இருக்கு. ஆனா எடுத்துட்டு வரமாட்டேன்."

"என்ன சொன்ன?"

"வரமாட்டேன்னு சொன்னேன்." சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். "அந்தக் கோட்டுக்கெல்லாம் ஒரு ரூம் குடுத்திருக்கோம். உங்க புள்ளைக்குக் குடுக்கல. அதனால அவர் ரஷ்யா போறார். இன்னொரு ரூம் கட்ட. நான் இன்னிக்கு ஒரு கோட்டு எடுத்துக் குடுத்தா, நாளைக்கு அதுக்குப் பதிலா ரெண்டு வரும். அதுக்கும் இடம் வேணும். கடைசில வீட்ல துணி மட்டும்தான் இருக்கும், மனுஷங்க இருக்க மாட்டாங்க."

"மாமியார் பேச்சை மீறி நிக்கறா பாரு!" என்றாள் கலிபா. "சம்பந்தி, இப்படியா வளர்த்து வெச்சிருக்கீங்க?"

அத்தை அவளைப் பார்க்கவே இல்லை. அடுப்படி வாசலில் தட்டோடு நின்ற மகனைப் பார்த்தாள். "காசுக்காகப் போறேன்னு எங்கிட்ட சொன்னியே?"

தாலந்த் தட்டைக் கீழே வைத்தான். எனக்காகப் பேசுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் ஊர் ஆண்கள் சம்பந்தி முன்னால் இதையெல்லாம் பேச மாட்டார்கள். செத்தாலும் மாட்டார்கள்.

"காசுக்காக இல்லம்மா. எனக்கு இங்க வேலை இருக்கு. எனக்கு என் பொண்டாட்டியோட பேசறதுக்கு ஒரு கதவு வேணும்."

கலிபாவின் நாத்தனார் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். தாலந்தின் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. ஆனால் தலை குனியவில்லை.

அப்போது யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து குரல் வந்தது. ஜூரா அண்ணி. தலை குனிந்தபடிதான் பேசினாள்.

"எங்க வீட்லயும் ஒரு ரூம் பூட்டித்தான் இருக்கு. அதுலதான் எலி. அவர் மாஸ்கோவில ஒரு ரூம்ல எட்டுப் பேரோட படுக்கறார். போன தடவை போன்ல, 'திரும்பிப் படுக்கணும்னா எல்லாரும் சேர்ந்துதான் திரும்பணும்'னு சிரிச்சார்."

"ஜூரா!" என்றாள் கலிபா. அதட்டல்தான். ஆனால் அதில் பாதி பலம்கூட இல்லை. ஜூரா அவர் என்றது தன் கணவனை, கலிபாவின் மகனை. போய் வருஷங்கள் ஆகின்றன.

அத்தை நடு அறையில் நின்றாள். ஒரு கையால் முக்காட்டைச் சரிசெய்தாள். பிறகு கலிபாவுக்கு நேராக வந்து மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"சம்பந்தி, இன்னிக்கு உங்க தோள்ல போட எங்கிட்ட ஒண்ணும் இல்ல. ஒருகாலத்துல இதைச் சொல்ல வெக்கப்பட்டு இரவல் வாங்கினேன். இன்னிக்கு வெக்கப்படல. கறி இருந்துச்சு, போட்டேன். தேநீர் இன்னும் இருக்கு, ஊத்தறேன். ஊர்ல என்ன வேணா சொல்லிக்கோங்க. ஆனா எம்பொண்ணு நடமாட்டத்துல ஏதாவது குறை வந்துச்சு, எலிக் கதையை நான் ஒவ்வொரு கல்யாணத்துலயும் சொல்லுவேன். எனக்கு நல்லா கதை சொல்ல வரும்."

கலிபா தேநீர்க் கிண்ணத்தை முன்னால் தள்ளினாள்.

"ஊத்துங்க. பால் கொஞ்சம் அதிகமா."

போகும்போது வாசலில் நின்று செருப்பை மாட்டியபடி சொன்னாள். "கல்யாணத்துக்கு வரும்போது எனக்கு ஒண்ணும் கொண்டுவராதீங்க. நானும் உங்களுக்கு ஒண்ணும் போடமாட்டேன். அப்புறம் பேசக்கூடாது."

"நீங்க பேசாம இருந்தா சரி" என்றாள் அத்தை.

கல்யாணத்துக்கு வெறுங்கையோடு போனோம். வெறுந்தோளோடு வந்தோம். ஊர் பேசியது. பேசட்டும் என்று விட்டோம். சிலர் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள். தோளில் விழுவதற்காக மட்டும் வந்துகொண்டிருந்தவர்கள் யார் என்று அதில் தெரிந்துபோனது.

ஆனால் அதற்கு முன்னால், கலிபா வந்துபோன மறுநாள் காலையில், நான் எழுந்து பார்த்தபோது பெரிய அறையின் கதவு விரியத் திறந்திருந்தது. அத்தை மூட்டைகளை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன முழிக்கற? ஒரு முனையைப் பிடி. மெத்தை அடுக்கைத் தொடக்கூடாது, சொல்லிட்டேன். அது என் அம்மா தைச்சது. மத்ததெல்லாம் போகட்டும்."

"யாருக்கு அத்தை?"

"யாருக்கு வேணுமோ அவங்களுக்கு. ஆனா ஒரு கட்டளை. இங்கேயே போட்டுக்கணும். போட்டுக்கிட்டுத்தான் வாசல் தாண்டணும். பையில வெச்சு எடுத்துட்டுப் போனா, அது திரும்ப நம்ம வீட்டுக்கே வந்துரும்."

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். தெருப் பெண்கள் வந்தார்கள். முதலில் தயங்கினார்கள். உல்போல்சின் அக்கா பச்சைப் பட்டில் நுழையப் பார்த்தாள். கை முழங்கைக்கு மேல் ஏறவில்லை. "சபீரா, இது ஆளுக்குத் தைச்சதா, பொம்மைக்குத் தைச்சதா?" என்று கத்தினாள். "குடுக்கறதுக்குன்னு தைச்சது, உள்ள மனுஷி இருப்பான்னு யார் நினைச்சா?" என்றாள் அத்தை. நுழையாத கோட்டுகளை வெட்டித் தலையணை உறை தைக்கலாம் என்று எடுத்துப் போனார்கள். நுழைந்ததை உடுத்திக்கொண்டு போனார்கள். யாரோ ஒருத்தி இரண்டு முக்காட்டை மடித்துக் கைப்பையில் வைக்கப் பார்க்க, அத்தை ஸ்டூலிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏய், தலையில கட்டு! ரெண்டையும் கட்டு! பையைக் காட்டு!"

அன்று எங்கள் தெருவில் பால் வாங்கப் போனவளும் கரி அள்ளப் போனவளும் தங்க நூல் வேலை செய்த வெல்வெட்டில் போனார்கள்.

தாலந்த் நண்பனுக்கு போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டான். நண்பன் காரணம் கேட்டானாம். "இடம் கிடைச்சுருச்சு" என்றானாம் தாலந்த்.

மூன்றாம் நாள் கட்டிலை உள்ளே கொண்டுவந்தோம். கதவு பல வருஷ ஈரத்தில் வீங்கி, முழுதாகச் சாத்த வரவில்லை. தாலந்த் அதைக் கழற்றிச் செதுக்கி மாட்டினான். மூடினான். மூடியது. அறையில் நாங்கள் இருவர் மட்டும். என்ன பேசுவதென்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்து நின்றோம்.

"கட்டிலை ஜன்னலோரம் போடலாம்" என்றேன்.

"ஜன்னலோரம் குளிரும். இந்தப் பக்கம் போடுவோம்."

"உனக்கு என்ன தெரியும்? எத்தனை நாள் அந்த ஜன்னலைப் பார்க்கத் தவம் கிடந்தேன்!"

"தவம் கிடந்தா நிமோனியா வராதா? டீச்சர் மூளை!"

"கம்பத்துல தொங்கற மூளைக்கு இதெல்லாம் தெரியுமா?"

அவன் குரலை உயர்த்தினான். நானும் உயர்த்தினேன். யாருக்கும் கேட்கிறதா என்று திரும்பிப் பார்க்காமல், கிசுகிசுக்காமல், கண்ணாடி உறையாமல், கல்யாணமாகி முதல் முறையாக வாய்விட்டுச் சண்டை போட்டோம். கட்டில் இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி என்று இழுபட்டது. நான் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவன் என்னையும் சேர்த்து இழுத்தான். சண்டை எந்த இடத்தில் சிரிப்பானது என்று எனக்குத் தெரியாது.

வெளியே அத்தையின் குரல் கேட்டது.

"என்ன சத்தம் அங்க? கதவு வெச்சுக் குடுத்தது இதுக்கா?"

"ஆமா அத்தை" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

கட்டில் ஜன்னலோரம்தான் இருக்கிறது.